புங்கமேட்டார்

ஏறிக்கறேன் தம்பி, ஏறிக்கறேன். நல்லா இருப்பீங்க. இந்த வெயில்ல எவ்வளவு நேரமா நிக்கிறேன் தெரியுமா, ஒரு பஸ்ஸும் நிக்கலை. மருமவன்தான் பைக்ல கொண்டாந்து இறக்கிவிட்டாரு. "மாமா, இந்த ஸ்டாப்புல நில்லுங்க, இங்கதான் பஸ் நிக்கும்"னு சொல்லிட்டுத் திரும்பிட்டாரு. அவருக்குக் காலேஜுக்கு நேரமாயிருச்சு. பஸ்ஸு என்னடான்னா நான் கையைக் காட்டக் காட்டக் கண்டுக்காம போவுது. நீங்களா நிறுத்தி, "டவுனுக்கா, ஏறுங்க"ன்னீங்க. இந்தக் காலத்துல யாரு தம்பி இப்படி நிறுத்தறா.

சீட்டுமேல துண்டு விரிச்சு வச்சிருக்கீங்களே, அது நல்ல பழக்கம். வேர்வை பட்டா சீட்டு சீக்கிரம் வீணாப் போயிரும். எனக்குத் தெரியும், நான் சீட்டு தைக்கிறவன். குஷன் கடை வச்சிருக்கேன். எங்கூரு பக்கம் நல்ல காரு எதுல ஏறினாலும் நீங்க உக்காந்தது என் தையல் மேலதான். ஓரத்துல ரெட்டைத் தையல், கடைசியில அரக்கு நூல்ல ஒரு முடிச்சு. அது என் அடையாளம். புங்கமேட்டார் வீட்டு வண்டி அத்தனைக்கும் நான்தான். சரி, அதை விடுங்க.

மூணு மணிக்குள்ள தாலுகா ஆபீஸ் போயிரலாம்ல? அப்பாடா. இன்னைக்குத்தான் மனுத்தாக்கலுக்குக் கடைசி நாளு. ஆமா, நான்தான் நிக்கிறேன். சிரிக்காதீங்க தம்பி. எம்.எல்.ஏ.வுக்குத்தான், சுயேச்சையா. சுயேச்சைக்குப் பத்து பேரு முன்மொழியணுமாம். எங்கூர்ல பத்து பேரு வந்து, ஆபீஸ் வாசல்ல எனக்காகக் காத்துக்கிட்டிருப்பாங்க. என் வீட்டுக்காரி வளர்மதி எல்லாருக்கும் புளிச்சோறு கட்டி எடுத்துக்கிட்டு வந்திருப்பா. மாப்பிள்ளை நான் ஒருத்தன்தான் இன்னும் மண்டபத்துக்கு வந்து சேரலை.

போனா? ஆமா, சார்ஜ் கம்மிதான். போட்டுத் தர்றீங்களா? இந்தாங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்.

யாரை எதுத்து நிக்கிறேன்னா கேக்கறீங்க? சொன்னா வண்டியை நிறுத்தி இறக்கி விட்ருவீங்க. புங்கமேட்டாரை எதுத்துத்தான். சின்னவர் எழில்வேந்தனை. அதுல என்ன வேடிக்கைன்னா, என் பேரும் எழில்வேந்தன். அவரு அப்பா பேரும் எங்கப்பா பேரும் ஒரே எழுத்துல ஆரம்பிக்கும். ஆக, எழுதிப் பாத்தா அவரும் நானும் ஒண்ணு. நேர்ல பாத்தா அவரு தேக்கு, நான் முருங்கை.

இது எப்படி வந்துச்சு தெரியுமா? எங்கப்பா கட்சிக்காரரு. கட்சின்னா கட்சி, சோறு தண்ணி வேணாம். நான் பொறந்தப்ப பேரு வைக்காமலே வச்சிருந்தாரு, பெரியவர் கூட்டத்துக்கு வர்ற வரைக்கும். பெரியவர்னா சின்னவரோட அப்பா, முதல் புங்கமேட்டார். எங்கப்பா கூட்டத்துல நீந்தி மேடையேறி என்னை அவரு கையில குடுத்திருக்காரு. பெரியவர் என்னைத் தூக்கிப் பாத்துட்டு, "எம் மவனுக்கு இப்பத்தான்யா பேரு வச்சோம், எனக்கு அந்த ஒரு பேருதான் வாயில வருது. அதையே வச்சுக்க. ஊர்ல ரெண்டு எழில்வேந்தன் இருக்கட்டும்"னாரு. மைக்ல சொன்னது தம்பி! கூட்டமே கை தட்டுச்சாம். எங்கப்பா சாகற வரைக்கும் அந்தக் கைதட்டல் அவரு காதுல கேட்டுக்கிட்டேதான் இருந்துச்சு.

பசங்க என்னை 'ஜெராக்ஸு'ன்னுதான் கூப்பிடுவானுங்க. கூப்பிட்டா கூப்பிட்டுட்டுப் போறான். ஜெராக்ஸா இருந்தாலும் எதோட ஜெராக்ஸு, சொல்லுங்க.

புங்கமேட்டார்னா என்ன அர்த்தம்னு உங்களுக்குத் தெரியுமா? எல்லாரும் ஏதோ ராஜா பட்டம்னு நினைச்சுக்கறாங்க. ஒண்ணும் இல்ல, புங்கமேடு எங்கூரு. மேடு இருக்கு, புங்கமரம் இப்ப ஒண்ணும் இல்ல. அந்த ஊர்க்காரன் எவனா இருந்தாலும் புங்கமேட்டான்தான். பெரியவர் மெட்ராஸுக்குப் போயி பெரிய ஆளானாரு. பெரிய ஆளைப் பேரு சொல்லிக் கூப்பிட முடியுமா, அதனால ஊர்ப் பேரோட 'ஆர்' போட்டுப் புங்கமேட்டார்னாங்க. அப்பறம் அவரு தம்பி புங்கமேட்டார், மச்சான் புங்கமேட்டார், மவன் புங்கமேட்டார். காலேஜு புங்கமேட்டார், பஸ்ஸு புங்கமேட்டார். அதுல பாதிப் பேரு எங்கூரு மண்ணை மிதிச்சதே கிடையாது. சின்னவரே ஓட்டுக் கேக்க வர்றப்ப வழி கேட்டுத்தான் வருவாரு.

ஊர்ல இருக்கற நாங்க என்ன பண்ணினோம்? வெளியூர்ல எந்த ஊருன்னு கேட்டா, "புங்கமேட்டுப் பக்கம்"னு சொல்ல ஆரம்பிச்சோம். புங்கமேடுன்னே சொல்றதுக்கு ஒரு கூச்சம், பெரிய வீட்டுப் பேரைச் சொல்ற மாதிரி. சொந்த ஊரு பேரைச் சொல்லக் கூச்சப்பட்ட சனம் எங்க சனமாத்தான் இருக்கும். அவங்க ஆட்சியில இருந்தா எங்களுக்கு ஆஸ்பத்திரியில ஸ்டூலு போட்டு உக்கார வைப்பாங்க. ஆட்சி மாறிச்சுன்னா, அதே ஆஸ்பத்திரியில, "ஓ, புங்கமேடா, வெளியில நில்லு"ம்பாங்க. நல்லது நடந்தா வீட்டுக்கு, அடி விழுந்தா ஊருக்கு.

ஆனா பெரியவர் அப்படி இல்ல. என் கடையை அவருதான் திறந்து வச்சாரு. போர்டுக்குப் பேரு கேட்டேன். "புங்கமேட்டார் குஷன்னு போடு"ன்னாரு. ஐயா, அது உங்க பேராச்சேன்னேன். "ஊரு உன்னோடது, பேரு மட்டும் என்னோடதாடா"ன்னு கேட்டாரு. என்ன மனுஷன் பாத்துக்குங்க.

பெரியவர் போனப்பறம் சின்னவர் நின்னாரு. அப்பத்தான் எனக்கு கிராக்கி வந்துச்சு. உங்களுக்குத்தான் தெரியுமே, ஒருத்தரைக் கவுக்கணும்னா அதே பேர்ல நாலு பேரைப் புடிச்சு நிறுத்துவாங்க. சனம் பேரைப் பாத்துக் குழம்பி மாத்திக் குத்திரும். எதிர்க்கட்சிக்காரன் என் கடைக்கு வந்துட்டான். "நீ பேருக்கு நின்னா போதும், என்ன வேணும் சொல்லு"ங்கிறான். ஊசியைக் கையில வச்சுக்கிட்டே சொன்னேன், இந்த ஊசியால உன் வாயைத் தைச்சிருவேன்னு. சொல்லிட்டு நேரா சின்னவர் வீட்டுக்கு ஓடினேன். அவரு என்னைக் கட்டிப் புடிச்சுக்கிட்டாரு தம்பி. "எழிலு, நீ என் உடம்பொறப்பு"ன்னாரு. அன்னைக்கு ராத்திரியே என்னைக் குற்றாலத்துக்கு அனுப்பி வச்சாரு. "எதிரி ஆளுங்க உன்னைத் தொந்தரவு பண்ணுவாங்க, மனுத்தாக்கல் முடியற வரைக்கும் ஜாலியா இருந்துட்டு வா"ன்னாரு.

லாட்ஜுல ராஜ உபசாரம். காலையில பொங்கல், மத்தியானம் பிரியாணி. துணைக்கு மூணு ஆளு. நான் கக்கூஸு போனாக்கூட ஒருத்தன் வாசல்ல நிப்பான், அவ்வளவு மரியாதை. ராத்திரி கதவை வெளியில தாப்பா போட்டுக்குவாங்க. ஏன்னு கேட்டேன். "குரங்கு வரும்ணே"ன்னாங்க. குற்றாலத்துல குரங்கு ஜாஸ்திதான். ஒரே குறை, அது சீசன் இல்ல. அருவியில தண்ணி இல்ல, வெறும் பாறை. ஒவ்வொரு தேர்தலுக்கும் போயிருக்கேன், ஒரு தடவைகூடத் தண்ணி விழுந்து பாத்தது இல்ல. "தண்ணி இல்லாத மாசமாப் பாத்துக் குற்றாலம் போறவன் நீ ஒருத்தன்தான்யா"ன்னு வளர்மதி கேலி பண்ணுவா. கேலின்னு நினைச்சுக்கிட்டேன்.

ரெண்டாவது தடவை நான் அங்க இருக்கறப்பத்தான் எங்கப்பா செத்துப் போனாரு. எனக்குச் சொல்லலை. மனசு கஷ்டப்படுமேன்னு சொல்லலையாம். மனுத்தாக்கல் முடிஞ்சப்பறம் சொன்னாங்க. போனா, எல்லாம் காரியம் ஆயிருச்சு. என் தம்பிதான் கொள்ளி வச்சான். ஆனா ஒண்ணு, சின்னவரே நேர்ல வந்து கொடி போத்தி மாலை போட்டிருக்காரு. போட்டோ இருக்கு. எங்கப்பாவுக்கு அதைவிட என்ன வேணும்? நான் கொள்ளி வச்சா என்ன, தம்பி வச்சா என்ன. அவன் இன்னும் என்கூடப் பேசறது இல்ல, அது வேற கதை.

என்ன தம்பி, நிறுத்திட்டீங்க? கரும்புச் சாறா? அட, எதுக்கு இதெல்லாம். சரி, நீங்க பிரியப்பட்டுக் கேக்கறீங்க. ஐஸ் வேணாம். போன் பேசிட்டு வர்றீங்களா? பேசிட்டு வாங்க, பேசிட்டு வாங்க. பொழப்புன்னா நாலு போன் வரத்தான் செய்யும். எனக்குப் பாருங்க, சார்ஜ் போட்டு இவ்வளவு நேரமாவுது, வீட்டுக்காரி ஒரு போன்கூடப் பண்ணலை.

...ரொம்ப நேரம் பேசிட்டீங்க. முக்கியமான விஷயம் போல. மிச்சச் சாறை பாட்டில்ல வாங்கிக்கிட்டேன், வளர்மதிக்குக் குடுக்கலாம்னு. போலாமா? வெயிலு சாயற மாதிரி இருக்கு. நேரம் இருக்குல்ல? அப்ப சரி.

எங்க விட்டேன்? ஆங், இந்த வருஷம். பொங்கல் கழிச்சு ஒரு நாள் ஏணியைத் தூக்கிக்கிட்டு நாலு பேரு கடைக்கு வந்தானுங்க. "போர்டைக் கழட்டணும்ணே"ன்னானுங்க. என் போர்டு! பெரியவர் சொன்ன பேரு! என்னன்னு கேட்டா, சின்னவரோட மவன் வெளிநாட்டுல படிச்சுட்டு வந்திருக்காருல்ல, இளையவர், அவரு அந்தப் பேரைக் குடும்பத்துக்குன்னு பதிவு பண்ணிட்டாராம். இனிமே வீட்டைத் தவிர யாரும் புங்கமேட்டார்னு போடக் கூடாதாம். டீக்கடைக்காரனும் கழட்டணும், டெய்லரும் கழட்டணும். எங்கூர்ல, எங்க தெருவுல வந்து சொல்றானுங்க. பஸ்ஸு நிறுத்தத்துல இருக்கற ஊர்ப் பலகையை மட்டும்தான் விட்டு வச்சானுங்க.

நான் சட்டையை மாட்டிக்கிட்டுச் சின்னவரைப் பாக்கப் போனேன். அவருக்குத் தெரியாம நடக்குதுன்னு நினைச்சேன். முன்னால உக்காந்து, "பெரிய ஐயா என்ன சொன்னாருன்னா..."ன்னு ஆரம்பிச்சேன். அவரு பேப்பரை மடிச்சுக்கிட்டே, "எழிலு, ஊரு எல்லாருக்கும் பொது. பேரு அப்படி இல்ல"ன்னாரு. அவ்வளவுதான். சரின்னு எழுந்திரிச்சேன். அப்ப அந்தப் பையன், இளையவர், செல்போனை நோண்டிக்கிட்டே சொல்றான், "அப்படியே இவரு பேரையும் கெஜட்டுல மாத்திவிட்ருங்கப்பா. எலக்ஷனுக்கு எலக்ஷன் இந்தாளைக் கொண்டுபோயி அடைச்சு வைக்கற வேலை மிச்சம். போன தடவையே கொஞ்ச ஓட்டுலதான் ஜெயிச்சோம்"கிறான்.

அடைச்சு வைக்கற வேலை.

அந்த நிமிஷம்தான் தம்பி, எனக்கு அந்தத் தாப்பா ஞாபகம் வந்துச்சு. அதுக்கு முன்னால வரலை. சத்தியமா வரலை. எங்கப்பா ஞாபகம் வந்துச்சு. நான் சின்னவர் மூஞ்சியைப் பாத்தேன். "சும்மா இருடா"ன்னு ஒரு வார்த்தை மவனைச் சொல்லுவாருன்னு பாத்தேன். அவரு என்னைப் பாத்து, "யோசிச்சுப் பாரு எழிலு. நல்ல பேரா நாங்களே ஒண்ணு பாத்துத் தர்றோம்"னாரு.

வெளிய வந்து அவங்க வீட்டுக் காம்பவுண்டு சுவத்துல கையை வச்சுக்கிட்டு அழுதேன். சொன்னா என்ன, அழுதேன். போட்ட சோத்தைச் சொல்லிக் காட்டலாம், குடுத்த வேலையைப் புடுங்கலாம். வச்ச பேரைத் திருப்பிக் கேக்கறவனை எங்கயாவது கேள்விப்பட்டிருக்கீங்களா? மைக்ல வச்ச பேரு அது. எங்கப்பா எனக்குன்னு விட்டுட்டுப் போன ஒரே சொத்து.

வீட்டுக்கு வந்து வளர்மதிகிட்ட, நான் நிக்கப் போறேன்னேன். எதிர்க்கட்சிக்காரனுக்காக இல்ல, எனக்காக. "புங்கமேடு எழில்வேந்தன்"னு ஓட்டுப் பெட்டியில இருக்கணும். ஜெயிக்கவா போறேன்? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அந்தப் பேரு அவங்களுக்கு மட்டும் இல்லைன்னு எல்லாரும் பாக்கணும். ஊர்ல சொன்னேன். பயந்தாங்க. அப்பறம் டீக்கடைக்காரன் முதல்ல வந்தான், அவன் போர்டும் போச்சுல்ல. அப்படியே பத்து பேரு ஆயிட்டாங்க. புங்கமேட்டுக்காரன்னு எழுதிக் கையெழுத்துப் போடறோம்கிறாங்க. தெரிஞ்சா எத்தனை பேருக்கு என்னென்ன போவுமோ, ஆனாலும் வந்துட்டாங்க.

ஊர்ல இருந்தா என்னைத் தூக்கிருவாங்கன்னு வளர்மதிதான் மவ வீட்டுக்கு அனுப்பிட்டா. நான் எங்க இருக்கேன்னு அவளுக்கும் மவளுக்கும் மருமவனுக்கும் தவிர ஈ காக்காய்க்குத் தெரியாது. மருமவன் தங்கமான புள்ள. புங்கமேட்டார் காலேஜுலதான் லேபுல இருக்காரு. சின்னவர்கிட்ட நான்தான் சொல்லி வாங்கிக் குடுத்தேன். அந்த வேலை போயிருமேன்னு எனக்கே கவலை. "நீங்க நில்லுங்க மாமா, நான் பாத்துக்கறேன்"ட்டாரு.

உங்ககிட்ட ஒண்ணு சொல்லட்டுமா? வளர்மதிகிட்டகூடச் சொல்லலை. இவ்வளவு வீராப்பு பேசறேன்ல, சின்னவர் மட்டும் வந்து கையைப் புடிச்சு, "எழிலு, தப்பு நடந்து போச்சு, வேணாம்டா"ன்னாருன்னு வைங்க, அங்கேயே மனுவைக் கிழிச்சுப் போட்டுட்டு அவரு பின்னால கொடி புடிச்சுக்கிட்டுப் போயிருவேன். அதான் உண்மை. ஒரு வார்த்தைதான் வேணும். போன் பண்ணுவாரு பண்ணுவாருன்னு நேத்து வரைக்கும் போனையே பாத்துக்கிட்டு இருந்தேன்.

என்ன தம்பி, என்னையே பாக்கறீங்க? ரோட்டைப் பாத்து ஓட்டுங்க, ஓட்டுங்க.

இது என்ன டோல்கேட்டு? டவுனுக்குப் போற வழியில டோல்கேட்டு கிடையாதே. பைபாஸா? அப்படியா. புதுசாப் போட்டிருப்பாங்க. அய்யய்யோ, பாத்து! சடக்குன்னு பிரேக்கு போட்டீங்க, சாறு பூரா கொட்டிப் போச்சு. இருங்க இருங்க, சீட்டுல இறங்கிரும், இந்தத் துண்டை எடுத்துத் துடைச்சிடறேன்.

நல்ல லெதரு. அளவாத் தைச்சிருக்கு. ஓரத்துல...

தம்பி.

இது என் தையலு. ரெட்டைத் தையல். இந்தா, அரக்கு நூலு முடிச்சு. போன வருஷம் தைச்சுக் குடுத்தேன், வெள்ளை வண்டி, அம்மாவுக்குன்னு சொன்னாங்க. நான் முன் சீட்டை மட்டும் ரெண்டு தடவை பிரிச்சுத் தைச்சேன், சின்னவர் வீட்டம்மாவுக்கு முதுகு வலின்னு.

மணி என்ன தம்பி? பரவால்ல, சொல்லுங்க. மூணே காலா.

அந்த போர்டுல மதுரைன்னுல்ல போட்டிருக்கு.

நிறுத்த வேணாம். நிறுத்தி இனிமே என்ன பண்றது. அங்க பத்து பேரும் வாசலையே பாத்துக்கிட்டு நிப்பாங்க. விலை போயிட்டான்னு நினைப்பாங்க தம்பி. எங்கப்பா மவன் விலை போயிட்டான்னு நினைப்பாங்க. அதுக்கு மட்டும் ஒரு போன் பண்ணிக்கறேன், போனைக் குடுங்க. குடுக்க மாட்டீங்களா. சரி. உங்களையும் சொல்லிக் குத்தமில்ல, நீங்களும் என்னை மாதிரி யாருக்காவது ஓடறவருதான்.

மவன் அனுப்பினானா உங்களை? இளையவரா? ...சின்னவரேவா. ஒரு போன் பண்ணியிருந்தா போதும்னு நான் இப்பத்தான் உங்ககிட்டச் சொன்னேன். இந்த டீசலு மிச்சமாயிருக்குமே.

அந்த ஸ்டாப்புல நிப்பேன்னு உங்களுக்கு யாரு... வேணாம். அதை மட்டும் சொல்லாதீங்க. என் மவ அவரோடதான் காலம் தள்ளணும். பஸ்ஸு நிக்காத இடத்துல இறக்கிவிட்டாருன்னா, அவருக்கு ஸ்டாப்பு தெரியலைன்னு வச்சுக்கறேன்.

குற்றாலம்தானே? அதே லாட்ஜுதானே? இந்த மாசமும் தண்ணி இருக்காது. வர்றேன், ஓட்டுங்க. ஆனா ஒண்ணு தம்பி. ராத்திரி தாப்பா போடறப்ப, குரங்கு வரும்னு மட்டும் சொல்லாதீங்க.